உள்நாட்டலுவல்கள் அமைச்சின் வரலாறும் தலைமையும்: திருகோணமலையிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உள்நாட்டலுவல்கள் அமைச்சு என்பது பொலிஸாரை நடத்தும் அமைச்சா?

இன்று இல்லை. இந்தியச் செய்திகளைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் உள்துறை அமைச்சர் என்றதும் காவல், உளவு, எல்லைப் பாதுகாப்பு ஆகியவற்றை ஆளும் ஒருவரை எண்ணிக்கொள்கிறார்கள். இலங்கையில் அந்தப் பொறுப்புகள் படிப்படியாக வேறு அமைச்சுகளுக்குச் சென்றுவிட்டன. உள்நாட்டலுவல்கள் என்ற விடயத்தின் கீழ் இன்று எஞ்சியிருப்பது மாவட்டச் செயலகம், பிரதேச செயலகம், கிராம உத்தியோகத்தர் என்று கீழ்நோக்கி இறங்கும் நிர்வாகச் சங்கிலி ஆகும். திருகோணமலையில் பழைய தலைமுறையினர் இன்னும் கச்சேரி என்றே அழைக்கும் மாவட்டச் செயலகம் அந்தச் சங்கிலியின் மேல்கண்ணி.

இதனால் அமைச்சின் மதிப்புக் குறைந்துவிட்டது என்று சிலர் கருதுகிறார்கள். அக்கருத்தை நான் ஏற்கவில்லை. பிறப்புச் சான்றிதழ், காணி அனுமதிப்பத்திரம், வதிவிடச் சான்றிதழ், அடையாள அட்டைக்கான விண்ணப்பம், வெள்ள நிவாரணம் என்று ஒரு குடும்பம் அரசை நேரில் சந்திக்கும் இடங்களில் மிகப் பல இந்தச் சங்கிலியிலேயே உள்ளன. கொழும்பில் எடை குறைந்த அமைச்சு, கிராமத்தில் இன்னும் அரசின் முகமாகவே இருக்கிறது.

இந்த அமைச்சு எப்போது தோன்றியது?

அமைச்சு என்ற வடிவில் 1931 ஆம் ஆண்டு. பிரித்தானிய ஆட்சிக் காலத்து டொனமூர் அரசியலமைப்பு அந்த ஆண்டு நடைமுறைக்கு வந்தபோது, அக்காலச் சட்டமன்றமான அரசாங்க சபையின் உறுப்பினர்கள் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒவ்வொரு குழுவும் தனக்கொரு தலைவரைத் தெரிவு செய்தது. அத்தலைவரே அந்தத் துறையின் அமைச்சரானார். உள்நாட்டலுவல்கள், விவசாயமும் காணியும், உள்ளூர் நிர்வாகம், சுகாதாரம், கைத்தொழிலும் வர்த்தகமும் தொழிலும், கல்வி, போக்குவரத்தும் பொது வேலைகளும் ஆகியவை அந்த ஏழு துறைகள். கட்சித் தலைவர் ஒருவர் அமைச்சர்களை நியமிக்கும் முறை அப்போது இருக்கவில்லை என்பதால், அமைச்சர் ஒவ்வொரு முக்கிய முடிவுக்கும் தமது குழுவின் ஒப்புதலைத் தேட வேண்டியிருந்தது.

பாதுகாப்பு, வெளிவிவகாரம், பொதுச் சேவை ஆகியவை பிரதம செயலாளரிடமும், நிதி நிதிச் செயலாளரிடமும், சட்டம் சட்டச் செயலாளரிடமும் இருந்தன. இம்மூவரும் ஆளுநருக்கே பொறுப்புடையவர்கள். எனவே திருகோணமலைத் துறைமுகமும் கடற்படைத் தளமும் உள்நாட்டு அமைச்சரின் கைக்கு எட்டாத விடயங்களாகவே இருந்தன. கடற்படைத் தளம் 1957 ஒக்டோபரிலேயே பிரித்தானியரிடமிருந்து இலங்கையிடம் கையளிக்கப்பட்டது.

அதற்கு முன்பு இந்த வேலைகளை யார் செய்தார்கள்?

அரசாங்க அதிபர்கள். 1833 இல் கோல்புறூக்–கமரன் சீர்திருத்தங்களின்படி தீவு ஐந்து மாகாணங்களாக வகுக்கப்பட்டபோது கிழக்கு மாகாணமும் அவற்றுள் ஒன்றாயிற்று. ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஓர் அரசாங்க அதிபர் நியமிக்கப்பட்டார். வரி திரட்டல், காணி, வீதி, குளம், ஒழுங்கைக் காத்தல் அனைத்தும் அவர் பொறுப்பு. பின்னாளில் கிழக்கின் அரசாங்க அதிபர் மட்டக்களப்பில் இருந்து பணியாற்ற, திருகோணமலை ஓர் உதவி அரசாங்க அதிபரின் கீழ் இருந்தது.

அதிபருக்குக் கீழே ஊர்த் தலைமைக்காரர்கள் இருந்தார்கள். கிழக்கில் வன்னியனார், உடையார், விதானையார் என்று அந்தப் படிநிலை இறங்கியது. அவர்கள் பெரும்பாலும் செல்வாக்குள்ள குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். ஊரை நன்கு அறிந்தவர்கள் என்பது அம்முறையின் வலிமை, ஊரின் ஏற்றத்தாழ்வை அப்படியே அரசுக்குள் கொண்டு வந்தார்கள் என்பது அதன் பெருங்குறை. 1930களின் பிற்பகுதியிலிருந்து தலைமைக்காரர்களில் மேல்நிலையினரின் இடத்துக்குப் பிரிவு வருமான அதிகாரிகள் படிப்படியாக நியமிக்கப்பட்டார்கள். விதானை முறை 1963 இல் முடிவுக்கு வந்து, பரீட்சை மூலம் தெரிவு செய்யப்பட்ட கிராம சேவையாளர்கள் வந்தார்கள். அவர்களே இன்றைய கிராம உத்தியோகத்தர்கள். மூதூரிலும் தம்பலகாமத்திலும் வயதில் மூத்தவர்கள் இன்னும் ‘விதானையாரிடம் கையெழுத்து வாங்கி வா’ என்று பிள்ளைகளை அனுப்புவதில் அந்தப் பழைய ஏற்பாடு உயிரோடு இருக்கிறது.

முதல் அமைச்சர் யார்? அவருடைய காலம் எப்படிப்பட்டது?

சேர் டொன் பாரொன் ஜயதிலக்க. 1931 முதல் 1942 வரை உள்நாட்டலுவல்கள் அமைச்சராகவும் அரசாங்க சபையின் தலைவராகவும் இருந்தார். அமைச்சர்களுக்குள் முதல்வர் என்ற இடம் அவருக்கே இருந்ததால், அக்காலத்தில் இந்த அமைச்சு நாட்டின் முதன்மையான அமைச்சாகவே கருதப்பட்டது.

அவருடைய காலத்தின் பெரிய சோதனை 1937 இல் வந்தது. தோட்டத் தொழிலாளர்களுக்கு ஆதரவாகப் பேசிவந்த மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் என்ற இளைஞரை நாடு கடத்துமாறு ஆளுநர் ரெஜினோல்ட் ஸ்டப்ஸ் கட்டளையிட்டார். உயர் நீதிமன்றம் அந்தக் கட்டளை செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஆனால் சபையை உலுக்கிய கேள்வி வேறு: பொலிஸ் துறைக்குப் பொறுப்பான அமைச்சரைக் கலந்தாலோசித்தே இது செய்யப்பட்டதா? கலந்தாலோசித்ததாகப் பொலிஸ் மா அதிபர் சொன்னார், அமைச்சர் மறுத்தார். மக்களால் தெரிவு செய்யப்பட்ட அமைச்சருக்குப் பொலிஸின் மீது மெய்யான அதிகாரம் உண்டா அல்லது பெயருக்கு மட்டுமா என்ற வினா முதன்முதலாக இவ்வளவு பகிரங்கமாக எழுந்தது அப்போதுதான். அந்த வினா இன்றும் தீர்ந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை.

தமிழர் எவரேனும் இந்த அமைச்சுக்குத் தலைமை தாங்கியிருக்கிறார்களா?

இருவரைக் குறிப்பிட வேண்டும். முதலாமவர் சேர் அருணாசலம் மகாதேவா. சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் மகன். ஜயதிலக்க 1942 இல் இலங்கையின் பிரதிநிதியாகப் புதுடில்லிக்குச் சென்றபோது அவருடைய இடத்துக்கு வந்தார். 1936 தேர்தலுக்குப் பின்னர் அமைந்த அமைச்சர் சபையில் சிங்களவர் மட்டுமே இடம்பெற்றிருந்தார்கள் என்பதை நினைவிற் கொண்டால், மகாதேவாவின் வருகை எத்தகைய மாற்றம் என்பது விளங்கும். அரசியலமைப்புச் சீர்திருத்தத்தை ஆராய்ந்த சோல்பரி ஆணைக்குழு நாட்டுக்கு வந்து விசாரித்த காலம் அவர் பதவியிலிருந்த காலமே. 1947 பொதுத் தேர்தலில் யாழ்ப்பாணத் தொகுதியில் ஜி. ஜி. பொன்னம்பலத்திடம் அவர் தோற்றார். கொழும்பில் அதிகாரத்தின் உச்சிக்கு அருகில் இருந்த ஒரு தமிழர், தம் மக்களின் அரசியல் அச்சங்களுக்குத் தம்மால் விடை தர முடிந்தது என்று அவர்களை நம்பச் செய்ய இயலவில்லை என்பதே அத்தேர்தல் சொன்ன செய்தி.

இரண்டாமவர் கே. டபிள்யூ. தேவநாயகம். கிழக்கின் கல்குடாத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றவர், ஜே. ஆர். ஜயவர்தனவின் அரசில் நீதி அமைச்சராகவும், 1980 முதல் உள்நாட்டலுவல்கள் அமைச்சராகவும் இருந்தார். தமிழருக்கு எதிரான 1983 ஜூலை வன்முறையின்போது உள்நாட்டலுவல்கள் அமைச்சர் ஒரு கிழக்கிலங்கைத் தமிழர் என்று இன்று கேள்விப்படும் இளைஞர்கள் திகைக்கிறார்கள். அவர் பதவி வகித்தார் என்பது உண்மை. ஆனால் பொலிஸும் இராணுவமும் அவருடைய அமைச்சின் கீழ் இருக்கவில்லை. மறு ஆண்டு தேசிய பாதுகாப்பு அமைச்சு என்ற புதிய அமைச்சு உருவாக்கப்பட்டபோது அதற்கு லலித் அத்துலத்முதலி நியமிக்கப்பட்டார். பதவியின் பெயரை வைத்து அதன் அதிகாரத்தை அளக்கக் கூடாது என்பதற்கு இதனினும் வருத்தமான சான்று எனக்குத் தெரியவில்லை.

சுதந்திரத்துக்குப் பின்னர் அமைச்சை வழிநடத்தியோர் யார் யார்?

1947 இல் டி. எஸ். சேனநாயக்க அமைத்த முதலாவது அமைச்சரவையில் இப்பொறுப்பு ஒலிவர் குணதிலக்கவுக்குக் கிடைத்தது. இரண்டாம் உலகப் போரின்போது சிவில் பாதுகாப்பு ஆணையாளராக இருந்தவர் அவர். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கிய நாட்களில் பொதுமக்கள் பாதுகாப்பு அவருடைய கையில் இருந்தது. அவர் உயர்ஸ்தானிகராக இலண்டன் சென்றதும் எட்வின் விஜேரத்ன வந்தார். குணதிலக்க 1951 இல் மீண்டும் சிறிது காலம் அமைச்சராக இருந்து, 1954 இல் ஆளுநர் நாயகமானார். 1958 மே மாதக் கலவரத்தின்போது அவசரகால நிலையைப் பிரகடனம் செய்து, நாட்டின் கட்டுப்பாட்டை நேரடியாகத் தம் கையில் எடுத்தவரும் இவரே. அவ்வேளை உள்நாட்டலுவல்கள் அமைச்சராக இருந்தவர் ஏ. பி. ஜயசூரிய.

1965 முதல் 1970 வரை, முன்னாள் பிரதமரான வி. தஹநாயக்க. 1970 க்குப் பின் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க பொது நிர்வாகம், உள்ளூராட்சி, உள்நாட்டலுவல்கள் ஆகிய மூன்றையும் ஒரே கையில் வைத்திருந்தார். அதன் பிறகு பொது நிர்வாகமும் உள்நாட்டலுவல்களும் ஒன்றாக இணைவதும் பிரிவதுமாகவே வரலாறு நகர்கிறது. 1977 இல் மொண்டேகு ஜயவிக்ரம, 1994 இல் ரத்னசிறி விக்ரமநாயக்க, 2007 இல் கரு ஜயசூரிய, 2010 இல் ஜோன் செனவிரத்ன ஆகியோர் இரண்டையும் சேர்த்து வகித்தார்கள். 2015 இல் வஜிர அபேவர்தன உள்நாட்டலுவல்களையும், ரஞ்சித் மத்தும பண்டார பொது நிர்வாகத்தையும் தனித்தனியே ஏற்றார்கள். 2019 இல் ஜனக பண்டார தென்னக்கோனிடம் அனைத்தும் மீண்டும் ஒன்றாகின. 2022 இல் தினேஷ் குணவர்தன, சில மாதங்களில் பிரதமரும் ஆனார். 2024 நவம்பரில் சந்தன அபேரத்ன பொது நிர்வாக, மாகாண சபைகள், உள்ளூராட்சி அமைச்சரானார். அமைச்சின் பெயரில் உள்நாட்டலுவல்கள் என்ற சொல் இல்லாவிட்டாலும் மாவட்ட, பிரதேச செயலகங்கள் அங்கேயே உள்ளன.

அமைச்சர் மாறினால் கச்சேரியில் என்ன மாறும்?

உடனடியாக மிகச் சிறிதே. அமைச்சரின் பணிப்புக்கு உட்பட்டு அமைச்சின் திணைக்களங்களை மேற்பார்வை செய்பவர் அமைச்சின் செயலாளர். 1978 அரசியலமைப்பின்படி அவரை நியமிப்பவர் ஜனாதிபதி. மாவட்டச் செயலாளர்களும் பிரதேச செயலாளர்களும் பொதுவாக இலங்கை நிர்வாக சேவையிலிருந்து வருகிறார்கள். அச்சேவை, 1963 இல் கலைக்கப்பட்ட பழைய சிவில் சேவையின் வழித்தோன்றல். அலுவலகத்தின் அன்றாட நடையைத் தீர்மானிப்பவை சுற்றறிக்கைகள். ஆகவே அமைச்சர் யார் என்பதைவிட, மாவட்டத்துக்கு அனுப்பப்படும் செயலாளர் யார் என்பதே நமக்கு அருகில் தாக்கம் தரும் கேள்வி. போர்க்காலத்தின் இறுதிப் பகுதியிலும் அதன் பின்னரும் ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி ஒருவர் திருகோணமலையின் அரசாங்க அதிபராகப் பல ஆண்டுகள் இருந்தார். சிவில் நிர்வாகத்துக்குப் பயிற்றுவிக்கப்பட்டவர்கள் ஒரு சேவையாகவே இருக்கும் நாட்டில், அதற்கு வெளியிலிருந்து அந்த நாற்காலி நிரப்பப்பட்டது சரியல்ல என்பதே என் உறுதியான கருத்து.

பொலிஸ் எப்போது விலகிச் சென்றது?

டொனமூர்க் காலத்தில் உள்நாட்டலுவல்களின் கீழ் இருந்த பொலிஸ் திணைக்களம், சுதந்திரத்துக்குப் பின்னர் பாதுகாப்பு அமைச்சின் கீழ் சென்றது. நீண்ட காலம் அங்கேயே இருந்தது. 2013 ஓகஸ்டில் சட்டமும் ஒழுங்கும் அமைச்சு தனியாக உருவாக்கப்பட்டது. 2020 நவம்பரில் பொது மக்கள் பாதுகாப்பு அமைச்சு வந்தது. எந்த விடயம் எந்த அமைச்சுக்கு என்பதை ஜனாதிபதி வர்த்தமானி மூலம் ஒதுக்குவதால், இவ்வாறான இடமாற்றங்கள் தேர்தலுக்குத் தேர்தல் நிகழலாம்.

மாவட்டம் எப்படி நிர்வாக அலகாயிற்று? திருகோணமலையின் இன்றைய அமைப்பு என்ன?

1955 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க நிர்வாக மாவட்டங்கள் சட்டம் மாகாணத்தின் இடத்தில் மாவட்டத்தை நிர்வாக அலகாக்கியது. அதனால் மட்டக்களப்பின் நிழலிலிருந்து திருகோணமலை வெளியே வந்து, தனக்கென அரசாங்க அதிபரைப் பெறும் நிலையை அடைந்தது. 1992 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்கச் சட்டம் அரசாங்க அதிபரிடமிருந்த அதிகாரங்கள் பலவற்றைப் பிரதேச செயலாளர்களுக்கு மாற்றியது. மக்களுக்கு மிகப் பெரிய பயன் தந்த நிர்வாகச் சட்டங்களுள் இதுவும் ஒன்று. கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கப்படுவதற்கு முன்னர், குடாவுக்கு அப்பாலிருந்த மூதூர், கிண்ணியா மக்கள் ஒரு கையெழுத்துக்காக நகருக்கு வந்து திரும்புவது முழு நாள் வேலையாக இருந்தது.

திருகோணமலையில் இன்று 11 பிரதேச செயலகப் பிரிவுகளும் 230 கிராம உத்தியோகத்தர் பிரிவுகளும் உள்ளன: பட்டினமும் சூழலும், குச்சவெளி, கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், கந்தளாய், சேருவில, வெருகல், மொறவெவ, கோமரங்கடவல, பதவிசிறிபுர. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கணிசமான எண்ணிக்கையில் வாழும் மாவட்டம் என்பதால், பிரிவுகளின் எல்லை எங்கே போகிறது என்பது இங்கு வெறும் வரைபடக் கேள்வியாக ஒருபோதும் இருந்ததில்லை.

மாகாண சபையும் இங்கேதானே இருக்கிறது? இரண்டுக்கும் என்ன தொடர்பு?

இந்தக் கேள்வியே மிக அதிகமாகக் கேட்கப்படுகிறது. கேட்கப்பட வேண்டியதும் கூட.

1987 இல் அரசியலமைப்புக்குச் செய்யப்பட்ட பதின்மூன்றாவது திருத்தம் மாகாண சபைகளைத் தோற்றுவித்தது. 1988 இல் தெரிவான வடக்கு–கிழக்கு மாகாண சபைக்குத் திருகோணமலை தலைமையிடமாக அமைந்தது. வடக்கும் கிழக்கும் ஒரே மாகாணமாக இணைக்கப்பட்டது செல்லாது என்று உயர் நீதிமன்றம் 2006 ஒக்டோபரில் தீர்ப்பளித்ததைத் தொடர்ந்து 2007 ஜனவரி முதல் கிழக்கு தனி மாகாணமாயிற்று. 2008 இல் கிழக்கு மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தது. 2012 இல் தெரிவான சபையின் காலம் 2017 இல் முடிந்த பின்னர் மாகாண ஆளுநரே நிர்வாகத்தை நடத்திவருகிறார்.

கல்வி, சுகாதாரம், உள்ளூராட்சி போன்றவை மாகாணத்துக்குரியவை. ஆனால் மாவட்டச் செயலகமும் பிரதேச செயலகமும் மத்திய அரசுக்குரியவை. மாகாணம் ஒதுக்கும் வேலைகளைப் பிரதேச செயலாளர் செய்தாலும், அவருடைய இடமாற்றமும் ஒழுக்காற்றும் கொழும்பின் கையில் இருக்கின்றன. அதிகாரம் பகிரப்பட்டது என்று சட்டம் சொல்கையில், கிராமம் வரை நீளும் ஒரே சங்கிலி மத்தியிடமே தங்கிவிட்டது. பதின்மூன்றாவது திருத்தத்தைப் பற்றிய விவாதங்களில் காணியும் பொலிஸும் பேசப்படும் அளவுக்கு இது பேசப்படாதது பெருங்குறை என்று கருதுகிறேன். சபையே இல்லாத ஆண்டுகளில் அந்தச் சாய்வு இன்னும் கூடியிருக்கிறது.

உள்ளூராட்சி வேறு, உள்நாட்டலுவல்கள் வேறா?

ஆம். மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை ஆகியன மக்கள் தெரிவு செய்யும் அமைப்புகள். பிரதேச செயலகம் அரச அலுவலகம். திருகோணமலைக்கு மறக்க முடியாத நிகழ்ச்சி ஒன்று உள்ளூராட்சி அமைச்சுடன் தொடர்புடையது. 1965 இல் டட்லி சேனநாயக்கவின் அரசில் உள்ளூராட்சி அமைச்சரான மு. திருச்செல்வம், பிரெட்ரிக் கோட்டைக்குள் இருக்கும் கோணேசர் ஆலயச் சூழலைப் புனித நகராக்குவதைப் பற்றி ஆராயக் குழுவொன்றை நியமித்தார். எதிர்ப்பு எழவே பிரதமர் அக்குழுவைக் கலைத்தார். திருச்செல்வம் 1968 இல் பதவி விலகினார்.

காணி விடயத்தில் அமைச்சுக்குப் பங்கு உண்டா?

காணி தனி அமைச்சுக்குரியது. எனினும் 1935 இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரச காணியைப் பகிர்ந்தளிக்கும் ‘காணிக் கச்சேரி’ என்ற தெரிவுக் கூட்டத்தை நடத்துபவர்கள் இந்தச் சங்கிலியைச் சேர்ந்த உத்தியோகத்தர்களே. உங்களிடம் இருப்பது அனுமதிப்பத்திரமா, அளிப்புப் பத்திரமா, உறுதியா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றின் உரிமையும் ஒன்றல்ல. 2006 இல் மாவிலாறு அணைக்கட்டுப் பிரச்சினையில் தொடங்கி மூண்ட போரின்போது மூதூர் கிழக்கு, வெருகல் மக்கள் வாகரை வழியே இடம்பெயர்ந்தபோது பலர் பத்திரங்களை இழந்தார்கள். அவர்களுக்குப் பிரதேச செயலகத்தில் இருக்கும் காணிப் பேரேடே முதற் சான்று. பிரதியை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

தமிழில் கேட்கவும் பதில் பெறவும் உரிமை உண்டா?

உண்டு. 1988 இன் பதினாறாவது திருத்தத்துக்குப் பின், அரசியலமைப்பின் 22 ஆவது உறுப்புரையின்படி வடக்கு கிழக்கு மாகாணங்களில் நிர்வாக மொழியும் பொதுப் பதிவேடுகளின் மொழியும் தமிழே. சிங்களத்தில் மட்டும் வந்த கடிதத்தை ஏற்றுக்கொண்டு, வேறொருவரிடம் வாசிக்கக் கொடுக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. தமிழில் தருமாறு எழுத்தில் கோரலாம். பயன் இல்லையெனில் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம்.

கோரிக்கைக்குப் பதில் வராவிட்டால் எங்கே போவது?

முதலில் பிரதேச செயலாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். பிரதி ஒன்றை மாவட்டச் செயலாளருக்கு அனுப்புங்கள். தகவலே தேவையென்றால், 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் விண்ணப்பிக்கலாம். காரணம் கூற வேண்டியதில்லை. தகவல் தரப்படுமா என்ற முடிவை அவர் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடமும், அவரும் மறுத்தால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். உத்தியோகத்தரின் நடத்தையால் அநீதி நேர்ந்திருந்தால் நிர்வாகத்துக்கான நாடாளுமன்ற ஆணையாளரிடமோ, திருகோணமலையிலுள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்திடமோ முறையிடலாம். எந்த இடத்தில் கொடுத்தாலும், பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் திகதியும் உங்கள் பிரதியில் இருக்க வேண்டும்.